தலைநகரின் மெட்ரோ, அனந்தபுரத்தின் கடன்

2025 செப்டம்பர் கடைசியில் ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு செய்தியைத் தமிழ்நாட்டில் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாட்டிலேயே பெரிய தனியார் மெட்ரோ என்று பெயரெடுத்த ஹைதராபாத் மெட்ரோவிலிருந்து லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் விலகிக்கொள்வதென்றும், அதைத் தெலங்கானா அரசே எடுத்து நடத்துவதென்றும் முடிவானது. நிறுவனத்தின் பெயரில் உள்ள ஏறத்தாழ 13,000 கோடி ரூபாய்க் கடனை அரசு ஏற்கும். அதற்கு மேல், நிறுவனம் போட்ட முதலுக்கு ஈடாக ஏறத்தாழ 2,000 கோடி ரூபாயும் கொடுக்கும். இதே மெட்ரோவுக்காக 2008இல் வேறொரு தனியார் கூட்டமைப்பு, அரசிடம் ஒரு பைசா மானியம் வேண்டாம், நாங்களே அரசுக்கு 30,311 கோடி ரூபாய் தருகிறோம் என்று ஏலம் கேட்டிருந்தது. தருவதாகச் சொன்ன 30,311 கோடியில் தொடங்கிய கணக்கு, தர வேண்டிய 15,000 கோடியில் வந்து நிற்கிறது.

ஹைதராபாத்தின் கணக்கு செஞ்சிக்கோ அதன் பக்கத்துப் பேரூராட்சியான அனந்தபுரத்துக்கோ எதற்கு என்று கேட்கலாம். மெட்ரோ என்பது தலைநகர்க்காரர்களின் பண்டம் என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரு ரயில் பாதை போட 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. இன்றுவரை அதில் ரயில் ஓடவில்லை. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதைப் பார்க்க வருகிறவருக்கும் பஸ்தான் கதி. இப்படி ஒரு சாதாரண ரயிலுக்கே காத்திருக்கும் ஊர், தலைநகரின் மெட்ரோவை யார் கட்டினால் என்ன, அரசுப் பணம் போகாமல் தனியார் கட்டினால் நல்லதுதானே என்று நினைப்பது இயல்பு. அந்த எண்ணம் தப்பு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தலைநகரில் தனியார் மெட்ரோ லாபம் பார்த்தால் அது நிறுவனத்தின் பங்குதாரர்களுக்குப் போகிறது. நொடித்துப்போனால் மாநிலக் கருவூலத்தின் தலையில் விழுகிறது. கருவூலத்தில் அனந்தபுரத்துக்கும் பங்கு உண்டு. திண்டிவனம் பாதை மத்திய அரசின் பை, மெட்ரோ மாநிலத்தின் பை என்று பிரித்துச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் செஞ்சி அரசு மருத்துவமனையும், விழுப்புரம் கோட்டத்துப் பஸ்களும், ஏரிக்கரைச் சாலைகளும் நம்பியிருப்பது அந்த மாநிலப் பையைத்தான்.

ஹைதராபாத் கதையை அதன் தொடக்கத்திலிருந்து பார்ப்பது பயன் தரும். ஏனென்றால் எல்லா எச்சரிக்கைகளும் அப்போதே கண்ணெதிரில் இருந்தன. 2008இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் முதல்வராக ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி இருந்தபோது, மூன்று வழித்தடங்களில் 71 கிலோமீட்டர் மெட்ரோவுக்கு ஏலம் விடப்பட்டது. மதிப்பீடு 12,132 கோடி ரூபாய். மற்ற நிறுவனங்கள் மானியம் இல்லாமல் கட்டுப்படியாகாது என்று சொல்லி ஆயிரக்கணக்கான கோடி கேட்டன. சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனர் ராமலிங்க ராஜு குடும்பத்தைச் சேர்ந்த மைதாஸ் தலைமையிலான கூட்டமைப்பு மட்டும் ஒப்பந்தக் காலமான 35 ஆண்டுகளில் 30,311 கோடியைத் தானே அரசுக்குத் தருவதாகச் சொன்னது. உலகில் அநேகமாக எந்த மெட்ரோவும் டிக்கெட் வருமானத்தில் கட்டுமானச் செலவை மீட்டதில்லை. இதில் எங்கிருந்து பணம் வரும் என்ற கேள்வியை அரசுக்குள் யாரும் உரக்கக் கேட்கவில்லை. வெளியிலிருந்து ஒருவர் கேட்டார். தில்லி மெட்ரோவின் தலைவராக இருந்த இ. ஸ்ரீதரன் அந்தச் செப்டம்பரில் திட்டக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். ஏலம் எடுத்தவர்களுக்குச் சொந்தமான பெரும் நிலப்பரப்புகளை நோக்கி மெட்ரோவை நீட்டி, நிலத்தின் விலையைப் பல மடங்கு ஏற்றிக்கொள்ளும் உள்நோக்கம் இதில் இருக்கிறது என்பது அவர் எச்சரிக்கை. ஆந்திர அரசு என்ன செய்தது? கணக்கைச் சரிபார்க்கவில்லை. அவர்மீது அவதூறு வழக்கு போடுவோம் என்று மிரட்டியது. அந்த டிசம்பரில் சத்யம் தன் கையிருப்பைக் கொண்டு மைதாஸ் நிறுவனங்களை வாங்க முயன்றது. பங்குதாரர்கள் கொதித்ததும் பின்வாங்கியது. 2009 ஜனவரி 7ஆம் தேதி, கணக்குகளில் பல்லாயிரம் கோடி பொய் என்று ராமலிங்க ராஜுவே எழுதிக் கொடுத்தார். மெட்ரோவுக்கான நிதியை மைதாஸால் திரட்ட முடியவில்லை. ஜூலையில் ஒப்பந்தம் ரத்தானது.

மறு ஏலத்தில் 2010இல் லார்சன் அண்ட் டூப்ரோ வந்தது. இது கட்டத் தெரிந்த, பெயர் கெடாத நிறுவனம். ஆகவே மைதாஸின் மோசடியோடு இதைச் சேர்த்துப் பேசுவது நியாயமாகாது. இந்த இரண்டாவது தோல்விதான் நமக்கு அதிகம் சொல்கிறது. நேர்மையான, திறமையான நிறுவனம் செய்தும் இந்த ஏற்பாடு ஏன் நிற்கவில்லை? முதலில், தனியார் பணம் என்கிறோமே, அது யாருடையது என்று பார்ப்போம். கட்டடங்கள், வணிக வளாகங்கள் எல்லாம் சேர்த்துத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 16,375 கோடி ரூபாய். இதில் 1,458 கோடி மத்திய அரசின் மானியம். 11,478 கோடி, 2011இல் பாரத ஸ்டேட் வங்கி தலைமையில் பத்து வங்கிகள் சேர்ந்து கொடுத்த கடன். நிறுவனம் தன் முதலாகப் போட ஒப்புக்கொண்டது மிச்சமுள்ள ஏறத்தாழ 3,440 கோடியைத்தான். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். வங்கிக் கடன் என்பது யாருடைய பணம்? பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகளில் சேமிப்பாகக் கிடக்கும் பணம். அதில் நம்மூர் விவசாயி மணிலா விற்றுப் போட்ட தொகையும் இருக்கிறது. இதுபோக 269 ஏக்கர் அரசு நிலம் பணிமனைகளுக்கும் நிறுத்துமிடங்களுக்குமாகக் கொடுக்கப்பட்டது. அதன் மேல் 1.85 கோடி சதுர அடி வணிகக் கட்டடம் எழுப்பி வாடகை வாங்கிக்கொள்ளும் உரிமையும் தரப்பட்டது. அப்படி எழும் வாடகை டிக்கெட் வருமானத்தின் ஓட்டையை அடைக்கும் என்பதே திட்டத்தின் அடித்தளம். பஞ்சகுட்டாவிலும் எர்ரமன்சிலிலும் ரயில் நிலையத்தை ஒட்டி மால்கள் வந்தன. ஆனால் மெட்ரோவின் வட்டி மாதாமாதம் கட்ட வேண்டியது. கட்டட வாடகையோ சந்தை எழும்பினால் வரும், படுத்தால் வராது. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டியதுதான் கோளாறு.

பயணிகள் கணக்கு அதைவிட மோசம். திட்ட அறிக்கைகள் நாளொன்றுக்கு 15 லட்சத்துக்கும் மேல் பயணிகளை எதிர்பார்த்தன. 2017 நவம்பரில் முதல் 30 கிலோமீட்டரும் 2020 பிப்ரவரிக்குள் 69 கிலோமீட்டரும் திறந்த பிறகும், கூட்டம் ஐந்து லட்சத்தை ஒட்டியே நின்றது. தாமதத்துக்குக் காரணம் நிறுவனம் மட்டுமல்ல. தனித் தெலங்கானாப் போராட்டம், மாநிலப் பிரிவினை, சட்டப்பேரவை அருகிலும் சுல்தான் பஜாரிலும் பாதையை மாற்றச் சொன்ன அரசியல், பழைய நகரத்தில் இன்னும் கட்டாமல் கிடக்கும் ஐந்தரைக் கிலோமீட்டர் எல்லாமே அரசுத் தரப்புக் கோளாறுகள்தாம். அதற்கு மேல் கொரோனா வந்து 2020 மார்ச் முதல் செப்டம்பர் வரை ரயில்களை நிறுத்தியது. 2023 டிசம்பரில் புதிய அரசு பெண்களுக்குப் பஸ் பயணத்தை இலவசமாக்கியதும், எங்கள் பயணிகள் போய்விட்டார்கள் என்று நிறுவனம் முறையிட்டது. இந்த முறையீட்டில் சற்று நின்று பார்க்க வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ், தமிழ்நாட்டில் 2021இலிருந்து இருக்கும் நலத்திட்டம். எவ்வளவோ குடும்பங்களில் பெண்கள் வேலைக்குப் போகவும் படிக்கப் போகவும் உதவியது. ஒரு நகரின் பஸ்ஸும் மெட்ரோவும் ஒரே கையில் இருந்தால், பஸ்ஸில் கூட்டம் கூடுவது நல்ல செய்தி. மெட்ரோ தனியார் கையில் இருந்தால் அதே செய்தி நட்ட ஈடு கேட்கும் காரணமாகிறது. 2025 மே மாதம் நிறுவனம் குறைந்தபட்சக் கட்டணத்தை 10லிருந்து 12 ரூபாயாகவும், அதிகபட்சத்தை 60லிருந்து 75 ரூபாயாகவும் ஏற்றியது; எதிர்ப்பு வந்ததும் பத்து சதவீதம் குறைத்தது. ஏற்றினால் பயணி போவார், ஏற்றாவிட்டால் வட்டி கட்ட முடியாது. நியூயார்க்கில் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வந்தது. அங்கே 1904இல் தொடங்கிய சுரங்க ரயிலின் ஐந்து சென்ட் கட்டணத்தை ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்தது. முதல் உலகப் போரின் விலைவாசி ஏற்றத்துக்குப் பிறகு அதை நடத்திய இரண்டு தனியார் கம்பெனிகளாலும் எழுந்திருக்க முடியவில்லை. 1940இல் இரண்டையும் மாநகராட்சியே விலைக்கு வாங்கியது.

ஹைதராபாத்தை ஒரு விதிவிலக்கு என்று தள்ளிவிடலாம், மற்ற இடங்களில் இது நன்றாக நடந்திருந்தால். நாட்டின் தலைநகரைப் பார்ப்போம். புதுதில்லி நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாகத் துவாரகைக்குப் போகும் 22.7 கிலோமீட்டர் பாதையை நடத்த 2008இல் ரிலையன்ஸ் இன்ஃப்ராவும் ஸ்பெயினின் சி.ஏ.எஃப் நிறுவனமும் சேர்ந்து 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டன. பாலத்தையும் சுரங்கத்தையும் தில்லி மெட்ரோ கட்டித் தந்தது. 2011 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய ரயில், பாலத் தாங்கிகளில் பழுது என்று 2012 ஜூலையில் நின்றது. 2013 ஜனவரியில் மறுபடி ஓடியது. அந்த ஜூன் முடிவில் நிறுவனம் கையைக் கழுவிக்கொண்டு வெளியேறியது. மறுநாளே தில்லி மெட்ரோ எடுத்து ஓட்டியது. அதன் பிறகு நடந்தது கிட்டத்தட்ட பதினோரு ஆண்டு வழக்கு. 2017இல் நடுவர் மன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வட்டியோடு தொகை ஏறத்தாழ 8,000 கோடியை எட்டியது. 2024 ஏப்ரலில்தான் அதே உச்ச நீதிமன்றம், சீராய்வுக்குப் பிறகும் எஞ்சிய அபூர்வ வழியான திருத்த மனுவில், அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மயிரிழையில் தப்பியது பொதுப் பணம். சுவையான செய்தி ஒன்று: பாதை அரசு கைக்கு வந்த பிறகு கட்டணம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது, 2015இல் புதுதில்லியிலிருந்து விமான நிலையத்துக்கு 60 ரூபாய் ஆனது, பயணிகள் பெருகினார்கள். அதே தண்டவாளம், அதே ரயில். பக்கத்துக் குருகிராமில் அரசு மானியமே இல்லாமல் கட்டிய ரேப்பிட் மெட்ரோ 2013இல் திறந்தது. அதை நடத்திய ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். 2018இல் நொடித்தது, 2019இல் நீதிமன்றம் தலையிட்டு அரசு கைக்கு மாற்றியது. மும்பையின் வர்சோவா-அந்தேரி-காட்கோபர் பாதை 2014 ஜூனில் திறந்த அன்றிலிருந்து கட்டணச் சண்டை. ஒப்பந்தத்தில் 9 முதல் 13 ரூபாய் என்றிருந்ததை 10 முதல் 40 என்று மாற்ற நிறுவனம் கேட்டது, செலவு எகிறிவிட்டது என்ற காரணம் காட்டி.

தமிழர்கள் நிறைய வாழும் கோலாலம்பூரில் இந்தக் கதை நமக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. மலேசியாவின் தலைநகரில் ஸ்டார், புத்ரா என்ற இரண்டு தனியார் நிறுவனங்கள் 1990களில் ஆளுக்கொரு இலகு ரயில் பாதை கட்டின. முதலாவது 1996இலும் மற்றது 1998இலும் ஓடத் தொடங்கின. தமிழ்க் கடைகள் நிறைந்த மஸ்ஜித் இந்தியா தெருவுக்குப் பக்கத்தில், மஸ்ஜித் ஜாமேக்கில் இரண்டு பாதைகளும் சந்தித்தன. சந்தித்தன என்பது வரைபடத்தில் மட்டும். ஒன்றில் வந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர் ஒரு நிலையத்தின் கதவைத் தாண்டி வெளியே வந்து, இன்னொரு நிலையத்துக்குள் நுழைந்து, புதிதாக ஒரு டிக்கெட் வாங்க வேண்டும். ஏனென்றால் அவை இரண்டு கம்பெனிகள். ஒரு கம்பெனியின் பயணியை இன்னொன்றுக்கு அனுப்பி வைப்பதில் எதற்கும் லாபமில்லை. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் இரண்டும் கடனில் மூழ்கின. 2002இல் அரசு இரண்டையும் வாங்கிப் புதிய பொது நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதன் பிறகும் ஒரே டிக்கெட்டில் பாதை மாற வழி செய்யப் பல ஆண்டுகள் பிடித்தன. 2003இல் திறந்த தனியார் மோனோரயிலுக்கும் நான்கு ஆண்டுகளில் அதே முடிவு.

சரி, அரசிடம் பணம் எங்கே இருக்கிறது என்பது முதல் ஆட்சேபம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய். இதை மத்திய அமைச்சரவை ஏற்க 2024 அக்டோபர் வரை ஆனது. அதுவரை மாநிலம் தன் கைப்பணத்தையும் கடனையும் போட்டு வேலையை ஓட்டியது. பட்ஜெட் திணறியதை மறுக்க முடியாது. ஆனால் தனியாரிடம் போனால் அந்தப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை; மேலே பார்த்ததுபோல் அதுவும் கடன்தான், கூடுதல் வட்டிக்கு. சென்னை முதல் கட்டத்துக்கு ஜப்பானின் ஜைக்கா கொடுத்த யென் கடனின் வட்டி 1.2 சதவீதம்; திருப்பிக் கட்டத் தொடங்கப் பத்து ஆண்டு அவகாசம், மொத்தம் முப்பது ஆண்டு. யென் விலை ஏறினால் சுமை கூடும் என்பது உண்மையான ஆபத்து. அதைச் சேர்த்துக்கொண்டாலும், உள்நாட்டு வங்கியில் வணிக வட்டிக்குக் கடன் வாங்கும் நிறுவனத்தால் இதோடு போட்டி போட முடியாது. அரசு வாங்கும் கடன் பட்ஜெட்டில் முதல் நாளே தெரிகிறது, எதிர்க்கட்சி கேள்வி கேட்கிறது. தனியார் வாங்கும் கடன் பட்ஜெட்டில் தெரிவதில்லை. நொடித்த பிறகு ஒரே அடியாகத் தெரிகிறது. இந்த மறைவுதான் ஆட்சியாளர்களைத் தனியார் மெட்ரோவின் பக்கம் இழுக்கிறது என்று சந்தேகிக்கக் காரணம் உண்டு. ரிப்பன் வெட்டுபவர் ஒருவர், கடனை ஏற்பவர் வேறொருவர்.

அடுத்து ஹாங்காங்கையும் ஜப்பானையும் காட்டுவார்கள். ஹாங்காங் மெட்ரோ நிலத்திலிருந்து லாபம் பார்க்கிறது, ஜப்பானில் தனியார் ரயில்கள் செழிக்கின்றன. நம் நிறுவனங்களால் மட்டும் முடியாதா? ஹாங்காங்கில் மெட்ரோ நிறுவனத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு அரசுடையது. நிலம் முழுவதும் அரசின் குத்தகை நிலம். ரயில் வருவதற்கு முந்தைய விலைக்கு நிலத்தின் கட்டட உரிமையை அரசு மெட்ரோவுக்குக் கொடுக்கிறது, ரயில் வந்ததால் ஏறும் மதிப்பு மெட்ரோவுக்கே வந்து சேருகிறது. அதாவது அங்கே நிலத்தின் விளைச்சலை அறுப்பது பெரும்பாலும் அரசின் கை. ஜப்பானின் ஹன்கியூ, டோக்கியூ போன்ற தனியார் ரயில்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நகருக்கு வெளியே மலிவாக நிலம் வாங்கி, வீட்டு மனை போட்டு, பாதையை அங்கே கொண்டுபோனவை. நெருக்கமாகிவிட்ட நகரத்தின் வயிற்றுக்குள் மேம்பாலம் கட்டியவை அல்ல. டோக்கியோ நகரின் முக்கியச் சுரங்க ரயில் நிறுவனம் 2024 அக்டோபர் வரை தேசிய அரசுக்கும் மாநகர அரசுக்கும் முழுச் சொந்தமாக இருந்தது. கட்டி முடித்து லாபத்தில் ஓடும்போதுதான் பாதிப் பங்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஆபத்தான காலத்தைப் பொதுப் பணம் சுமந்தது. ஆபத்து கழிந்த பிறகு தனியார் பணம் வந்தது. நாம் செய்தது தலைகீழ். ஸ்ரீதரன் 2008இல் சொன்னதும் நிலத்தைப் பற்றித்தான் என்பதை மறக்கக் கூடாது: மெட்ரோ ஏலத்தில் யாராவது நம்ப முடியாத விலை சொன்னால், பாதையின் இரண்டு ஓரத்திலும் உள்ள பட்டாக்களைப் பார்க்க வேண்டும்.

அரசு மெட்ரோவும் நட்டத்தில்தானே ஓடுகிறது, அரசு நிறுவனம் என்றால் மெத்தனம்தானே என்பது கடைசி ஆட்சேபம். இதில் பாதி உண்மை. சென்னையிலும் 1990களில் திறந்த பறக்கும் ரயிலின் பிரம்மாண்ட நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அது அரசு கட்டியதுதான். ஆனால் மெட்ரோவின் பயன் டிக்கெட் பெட்டியில் மட்டும் விழுவதில்லை. சாலையில் வண்டி குறைகிறது, விபத்து குறைகிறது, நிலைய ஓரத்து மனை விலை ஏறிப் பத்திரப் பதிவு வருமானம் கூடுகிறது. இவற்றில் எதையும் தனியார் நிறுவனம் தன் பேரேட்டில் வரவு வைக்க முடியாது, அரசால் முடியும். சென்னை மெட்ரோவில் 2024இல் 10.5 கோடிப் பயணங்கள் நடந்தன. அந்த ஆண்டு அது லாபம் காட்டியதா என்பதைவிட, அத்தனை பேரும் மோட்டார் சைக்கிளில் போயிருந்தால் அண்ணா சாலை என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அரசு கேட்க வேண்டிய கேள்வி. மெத்தனத்துக்கு மருந்து இருக்கிறது, அதை ஹைதராபாத்தே காட்டுகிறது. அங்கே ரயிலை ஓட்டிப் பராமரிக்கும் வேலையை லார்சன் அண்ட் டூப்ரோ தானே செய்யவில்லை. பிரான்சின் கியோலிஸ் நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விட்டது. ஒரு தனியார் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் திறமையைக் கூலிக்கு வாங்க முடியுமென்றால், அரசும் வாங்கலாம். நேரத்துக்கு ரயில், சுத்தமான நிலையம், ஓடும் எஸ்கலேட்டர் என்று வரையறுத்து, தவறினால் கூலியைப் பிடித்துக்கொள்ளும் ஒப்பந்தம் போடலாம். அதற்காகப் பாதையையும் நிலத்தையும் கட்டணத்தையும் முப்பத்தைந்து ஆண்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

நம் தலைநகரும் இந்த வலையில் காலை வைத்துப் பார்த்ததுதான். 2011இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு, மெட்ரோவின் அடுத்த கட்டங்களுக்குப் பதில் 111 கிலோமீட்டர் மோனோரயில், தனியார் பங்கேற்போடு, என்று அறிவித்தது. டெண்டர் விட்டார்கள், திருத்தினார்கள், மறுபடி விட்டார்கள். பூந்தமல்லி, போரூர், கத்திப்பாரா, வடபழனி என்று 20.68 கிலோமீட்டராகச் சுருங்கிய முதல் தடத்துக்கு 2014இல் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 3,267 கோடி. ஒரு தூண்கூட எழவில்லை. தனியார் மானியம் கேட்டார்கள், அரசு உத்தரவாதம் கேட்டார்கள், கணக்கு ஒத்துவரவில்லை. அதிர்ஷ்டம் என்றே சொல்லத் தோன்றுகிறது. இன்று பூந்தமல்லியிலிருந்து வடபழனி வரை நிற்பவை அரசு மெட்ரோவின் தூண்கள். இடையில் போன ஆண்டுகளின் விலை ஏற்றம் மட்டும் நமக்கு மிச்சம்.

இனி வரப்போவது கிளாம்பாக்கம். செஞ்சியிலிருந்து சென்னை பஸ் ஏறுகிறவர் 2024 தொடக்கத்திலிருந்து கோயம்பேடு போவதில்லை. கிளாம்பாக்கத்தில் இறக்கி விடுகிறார்கள். கையில் மூட்டையோடு, அரசு பொது மருத்துவமனைக்கோ வேலை தேடியோ வந்தவர், மெட்ரோவைப் பிடிக்க விமான நிலையம் வரை இன்னொரு பஸ்ஸில் நிற்க வேண்டும். அந்த 15.46 கிலோமீட்டருக்கு மெட்ரோவை நீட்டும் திட்டத்தின் மதிப்பீடு 2025இல் 9,335 கோடி ரூபாயைத் தொட்டது. தலைநகர்க்காரரைவிட நமக்கே அதிகம் தேவைப்படும் மெட்ரோ துண்டு அது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கை, மத்திய உதவி வேண்டுமென்றால் ஏதாவது ஒரு வகையில் தனியார் பங்கேற்பு இருக்க வேண்டும் என்கிறது. எனவே இந்தப் பாதைக்கோ, இதன் பிறகு வரும் பாதைக்கோ ஒரு நிறுவனம் வந்து நாங்களே கட்டுகிறோம் என்று சொல்லும் நாள் வெகுதொலைவில் இல்லை. அப்போது கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்கள் முடிவாகியிருக்க வேண்டும். கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திடம் இருக்கட்டும். பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் 2025இல் சென்னை ஒன் செயலியில் வந்த ஒரே டிக்கெட்டை எந்த நிறுவனமும் நட்ட ஈட்டுக்கான காரணமாக்க முடியாதபடி ஒப்பந்தம் எழுதப்படட்டும். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து நிலையங்களின் மேல் எழும் கட்டட உரிமை சென்னை மெட்ரோ நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும். வாடகைக்கு விடலாம், பெயர் மாற்றக் கூடாது. நான்காவதுதான் நமக்கு முக்கியம்: நிறுவனம் பாதியில் விலகினால் அரசு கட்ட வேண்டிய அதிகபட்சத் தொகை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி, தமிழில் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும். ஹைதராபாத்தில் 2010இல் அந்த ஒரு வரி எல்லாரும் பார்க்கும்படி இருந்திருந்தால், விவாதமே வேறு மாதிரி போயிருக்கும். இங்கே அப்படி ஒரு பக்கம் பேரவையின் மேசைக்கு வரும் நாளில், அந்தத் தொகையில் எத்தனை திண்டிவனம்-திருவண்ணாமலைப் பாதை போடலாம் என்று செஞ்சித் தொகுதி உறுப்பினர் எழுந்து கேட்கட்டும்.